ஊக்கு

பேக்கரி மாடியில் இருக்கிறது அந்த அறை.
தேங்காய் பன் மணம் முன்னால் ஏற
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு
பின்னால் ஏறுகிறது என் வலத்தோள்.

"காந்த அலைக்கா. ஊசி இல்ல, மாத்திரை இல்ல.
பத்து சிட்டிங், ஆறாயிரம்" என்றாள் மௌனிகா.
அன்னூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை.
"உங்க வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"
எட்டு என்றேன்.
பள்ளிக்கூடத்தில் நான் எதிலும் எட்டு வாங்கியதில்லை.

உலோகம் எதுவும் கூடாதாம்.
வளையல், தோடு, தாலிக்கொடி
எல்லாம் பர்ஸுக்குள் போயிற்று.
தங்கத்தைக் காந்தம் சீண்டாது என்று தெரியும்,
சொல்லவில்லை.
ரவிக்கைத் தோளில் குத்தியிருந்த ஊக்கு மட்டும்
மறந்துபோய் நின்றுவிட்டது.

வெள்ளை வளையத்துக்குள் கையை நுழைத்தாள்.
உள்ளே இருப்பது இன்னதென்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
இருபத்தாறு வருடமாய்
ஆவாரம்பாளையத்தில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன்.
செம்புக் கம்பி, எனாமல் பூச்சு,
பார்த்தால் ஓர் அறுநூறு சுற்று.
கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளுகிற சமாச்சாரம்
எலும்புக்குள் எதைத் தள்ளுமோ.
தோளைக் கெடுத்ததே இதுதானே என்று
சிரிப்பு வந்தது.
"ஆடாம இருங்கக்கா."

ஊக்கு துடித்தது.
நொடிக்குப் பத்தோ பதினைந்தோ,
துணிக்குள் ஒரு சில்வண்டு.
எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன்.
இரண்டாம் நாள் ஏழு.
மூன்றாம் நாளும் ஏழுதான், ஆனாலும்
நானே தலை பின்னிக்கொண்டேன்.

நாலாம் நாள்
பச்சை விளக்கு எரிந்தது,
பெட்டி நிமிஷங்களைக் கழித்துக்கொண்டிருந்தது,
ஊக்கு சும்மா இருந்தது.
பன் மணத்துக்கு அடியில்
வார்னிஷ் கருகின நெடி.
செத்த காயிலுக்குள் தோளை வைத்து
அரை மணி நேரம் படுத்திருந்தேன்.

எழுந்தால், வலி ஐந்து.
பொய்யில்லை. கையைத் தூக்கினேன்,
பரண்மேல் டப்பா எடுக்கிற உயரத்துக்குப் போனது.

ஐந்தாம் நாளும் ஊக்கு அசையவில்லை. நாலு.
மௌனிகா நோட்டில் எழுதிவிட்டு
பேனாவைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.
வாய் திறந்தால் வலி திரும்பிவிடுமோ என்று
பேசாமல் படியிறங்கி
இரண்டு பன் வாங்கிக்கொண்டு போனேன்.

ஆறாம் நாள் எனக்கு முன்னால்
சோமனூர்த் தறிக்காரர் சென்னியப்பன் படுத்திருந்தார்.
இடுப்பு.
"தறிக்கூலிக் காசுங்க அம்மிணி,
ஒம்பதுலயே நிக்குது" என்றார்
கூரையைப் பார்த்து.

"கண்ணு, உம்பட மெசின்ல காயில் போயிருச்சு."
"லைட்டு எரியுதேக்கா."
"லைட்டு எரியும்."

கம்பெனி ஆள் புனேயிலிருந்து வர
பதினைந்து நாளாகுமாம்.
ஞாயிற்றுக்கிழமை
பட்டறையைத் திறந்து வளையத்தைப் பிரித்தேன்.
ஐந்நூற்று எண்பத்தெட்டு.
என் கணக்கு பன்னிரண்டு பிசகு.
நடுவில் ஒரு விரக்கடைக்கு எனாமல் உரிந்து
கம்பியும் கம்பியும் ஒட்டிக் கிடந்தன.

புதுக் கம்பி போட்டேன்.
இருநூறாவது சுற்றில் தோள் ஐந்து.
நானூறில் ஏழு.
முனை முறுக்கிக் கட்டும்போது எட்டு,
அதற்கு மேல் எண்ணவில்லை.
வார்னிஷில் முக்கி
நூறு வாட் பல்புக்குக் கீழே காய விட்டு
டீ குடிக்க இடக்கையை நீட்டினேன்.

திங்கட்கிழமை சென்னியப்பனிடம்
ஊக்கைக் கொடுத்து
சட்டை நுனியில் குத்திக்கொள்ளச் சொன்னேன்.
துடித்தது.
"என்னமோ குறுகுறுங்குதுங்" என்றார்.
ஊக்கா இடுப்பா என்று
கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு இன்னும் ஐந்து சிட்டிங் பாக்கி.
கிளம்பும்போதே ஊக்கைக் கழற்றி
காலண்டர் தாளில் குத்திவிட்டு
வருகிறேன்.